சுத்துதா, கறுப்பா இருக்கா, எழுத்து வருதா?

முகூர்த்த நாளில் என் போன் காலை ஐந்தரைக்கே அலற ஆரம்பித்துவிடும். “தம்பி, வரலை.” “அண்ணே, வரவே மாட்டேங்குதுண்ணே.” “மாப்ளே, என்னய்யா இது, ஒண்ணையும் காணோம்.” கூப்பிடுகிற யாரும் எது வரவில்லை என்று சொல்வதில்லை. ஒரு காதில் நாதஸ்வரம், இன்னொரு காதில் போன், வலது கையில் கேமரா என்று நான் நின்றுகொண்டிருப்பேன். மணவறையிலிருந்து ஐயர் வேறு, “வீடியோக்காரத் தம்பி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க” என்பார்.

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி அறைதான் என் கடை. விளக்குப் பிடிக்கிற பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அப்போது வி.எச்.எஸ். கேசட். அப்புறம் சிடி, டிவிடி, பென்டிரைவ். கொரோனா வந்து கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனபோது, மிச்சச் சொந்தக்காரர்களை என்ன செய்வது என்ற கேள்வியில் பிறந்ததுதான் இந்த நேரலை வேலை. கொரோனா போய்விட்டது, நேரலை போகவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற மகன், மூட்டு வலியில் படி இறங்க முடியாத அப்பத்தா, லீவு கிடைக்காத பெங்களூரு மச்சான் எல்லாருக்கும் பத்திரிகையோடு ஒரு லிங்க்கும் போகிறது. லிங்க் போகிற இடமெல்லாம் என் நம்பரும் போகிறது. அதுதான் வினை.

ஆரம்பத்தில் கூப்பிட்டவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அணைச்சுப் போடுங்க, கேஷ் கிளியர் பண்ணுங்க, வேற பிரவுசர்ல பாருங்க. பத்துக்கு நாலு தடவை சரியாகும். ஏன் சரியானது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த முகூர்த்தத்துக்கு அதே ஆள் அதே கோளாறோடு வந்து நிற்பார்.

இப்போது எதையும் செய்யச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்விதான் கேட்கிறேன். சுத்துதா, கறுப்பா இருக்கா, எழுத்து வருதா? வாதமா, பித்தமா, கபமா என்று நாட்டு வைத்தியர் மூன்று விரலை வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கணக்கு. சக்கரம் சுத்திக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் வழியில் இருக்கிற கோளாறு. சத்தம் வந்து படம் கறுப்பாக இருந்தால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கோளாறு. எழுத்து வந்தால், யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். யார் சாத்தியது என்று பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்பதற்கு முன்னால் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். ஒருத்தர் மட்டும் கூப்பிட்டால் அவர் வீட்டுக் கோளாறு. ஐந்து நிமிஷத்தில் ஒன்பது பேர் கூப்பிட்டால் என் கோளாறு, பேசாமல் லேப்டாப்பைப் பார். திருப்பரங்குன்றத்தில் நல்ல முகூர்த்தம் என்றால் கோயிலைச் சுற்றி எத்தனை கல்யாணம் நடக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முருகனே தெய்வானையைக் கைப்பிடித்த இடம். அத்தனை மண்டபத்திலும் அத்தனை பேர் கையிலும் போன். ஏழு மணிக்கு மண்டபத்திலிருந்து நெட்டுக்கு ஒரு படம் ஏற வேண்டுமென்றால், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எதிர்ப்பக்கமாக நடப்பது மாதிரி. அதனால் இரண்டு கம்பெனி சிம்மை வைத்திருக்கிறேன். ஒன்று திணறினால் மற்றதற்கு மாற்றிவிடுவேன்.

சரி, சுத்துகிற கதைக்கு வருவோம்.

தெற்கு மாசி வீதிப் பக்கம் பழைய வீடு, இரண்டடிச் சுவர். முன் கூடத்தில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைஃபை பெட்டி. பின்கட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறையில் லேப்டாப். அந்த வீட்டு மதினி என்னிடம் மூன்று கல்யாணத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார், “உங்க வீடியோ மட்டும்தான் இப்படிச் சுத்துது” என்று. யூடியூபில் ஒரு வசதி இருக்கிறது. ஓடுகிற படத்தின் மேல் எலியின் வலது பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் கடைசியில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று இருக்கும். அதைத் தட்டினால் படத்தின் மூலையில் எண்களாகக் கொட்டும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ‘பஃபர் ஹெல்த்’ என்று ஒரு வரி இருக்கும், நொடிக்கணக்கில். முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிற படம் இன்னும் எத்தனை நொடிக்குத் தாங்கும் என்பது அது. வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு இருக்கிறது என்கிற மாதிரி. அது 0-வைத் தொட்டால் சக்கரம் சுத்தும். அவ்வளவுதான் விஷயம்.

மதினியை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடக்கச் சொன்னேன். நடக்க நடக்க எண் ஏறியது. “ஏய்யா, இது என்ன காய்ச்சல் குச்சி மாதிரி ஏறுது” என்றார். அன்றைக்கு முதல் சண்டை இல்லை. வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுணங்கிவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அங்கே பக்கத்து வீட்டுப் பெட்டி, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் கூட்டமாக நிற்கும். என்னைக் கேட்டால் இரண்டையும் விடுங்கள், ஒரு லான் வயரை வாங்கி நேராகச் செருகுங்கள். வீட்டில் ஓட்டை போட மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் குறைந்தபட்சம் அந்த பீரோவையாவது நகர்த்துங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு வேறு ஒரு கண்டம் இருக்கிறது. நான் படத்தை 1080 என்கிற தெளிவில் (எண் கூடினால் தெளிவு கூடும், டேட்டாவும் கூடும்), நொடிக்கு 4 மெகாபிட் கணக்கில் அனுப்புகிறேன். அதே அளவு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 1.5 ஜிபி என்கிற பேக் போட்டவருக்கு 50 நிமிஷத்தில் காலி. அப்புறம் பல பேக்குகளில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் என்று இறங்கிவிடும், அதாவது தேவையில் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு. ஆறு மணிக்கு உட்கார்ந்தவருக்கு மாப்பிள்ளை அழைப்பு, ஜானவாசக் கார், வாசல் கோலம் எல்லாம் பளிச்சென்று தெரியும். தாலி கட்டுகிற நேரத்துக்குச் சக்கரம் சுத்தும். இவர்களிடம் நான் சொல்வது: படத்துக்குக் கீழே இருக்கிற பல்சக்கரத்தைத் தட்டி 480-க்கு இறக்குங்க, தாலி கட்டும்போது மட்டும் 1080-க்கு ஏத்திக்கிடுங்க. பத்திரிகையிலேயே அச்சடித்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

இடையில் ஒன்று. கோளாறே இல்லாத ஒரு கோளாறு. பேரையூரிலிருந்து ஒரு மாமா கூப்பிட்டு, “இன்னும் ஓமம் வளர்த்துக்கிட்டே இருக்காங்களே, நேரம் தப்பலையா?” என்று பதறினார். இங்கே நாங்கள் பந்தியில் இரண்டாவது வரிசைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் நடுவில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது படத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கிறார். கீழே ‘லைவ்’ என்கிற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்புப் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டால் நாம் பின்தங்கிவிட்டோம் என்று அர்த்தம், அந்த எழுத்தைத் தட்டினால் நிகழ்காலத்துக்கு வந்துவிடலாம். அவரிடம் சொன்னேன். “வேணாம்ப்பா, நான் மொறையாவே பார்த்துக்கிறேன்” என்றார். அதுவும் சரிதான்.

கறுப்புக்கு வருகிறேன். சத்தம் கேட்கிறது, கெட்டிமேளம் கேட்கிறது, படம் மட்டும் கறுப்பு. சில சமயம் பச்சை. படம் என்பது சுருக்கிக் கட்டிய மூட்டையாகத்தான் வந்து சேருகிறது. அதை அவிழ்க்கிற வேலையை பிரவுசர் தானே செய்யாமல் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும், அந்த வேலைக்கென்றே அதில் தனிப் பகுதி இருப்பதால். சிப்புக்கும் பிரவுசருக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு தரகர். பிரவுசர் சில வாரத்துக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். தரகர் ஐந்து வருடம் பழசு. இருவருக்கும் பேச்சு ஒத்துவராத நாளில் படம் கறுத்துவிடும். குரோமில் செட்டிங்ஸுக்குள் போய் ‘சிஸ்டம்’ என்ற பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் என்றோ, ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் என்றோ ஒரு பட்டன் இருக்கும். அணைத்துவிட்டு பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். படம் வந்துவிட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. மூட்டை அவிழ்க்கிற வேலை முழுக்க இப்போது பிராசஸர் தலையில் விழும், ஃபேன் மாவு மில் மாதிரி சத்தம் போடும். கல்யாணம் முடிந்ததும் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அந்தப் பட்டனைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் திரும்பப் போட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு கறுப்பு இருக்கிறது, அது கோளாறு இல்லை, பூட்டு. கே.கே. நகரில் ஒரு டாக்டர் வீட்டில் கல்யாணம் எடுத்தேன். அந்த வீட்டு மாப்பிள்ளை பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, “அண்ணே, லேப்டாப்பை டிவியில செருகிப் பார்த்தா உங்க கல்யாண வீடியோ நல்லா வருது. காசு கட்டிப் பார்க்கிற சினிமா மட்டும் கறுப்பா வருது, சத்தம் கேக்குது” என்றார். நான் எடுத்த வீடியோவுக்கும் சினிமாவுக்கும் வயர் ஒன்று, டிவி ஒன்று, பிரவுசர் ஒன்று. வித்தியாசம் என்ன? என் வீடியோவில் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சினிமா பூட்டிய பெட்டியில் வருகிறது. பிரவுசருக்குள் அதற்கென்று ஒரு சாவிக்காரர் இருக்கிறார். குரோமிலும் பயர்பாக்ஸிலும் அவர் பெயர் வைட்வைன். முன்பெல்லாம் இதற்கு ஃபிளாஷ், சில்வர்லைட் என்று தனித்தனியாக ஏதேதோ போட வேண்டும். இப்போது பிரவுசரே பார்த்துக்கொள்கிறது, 2017-இல் அதை இணையத் தரமாகவே அறிவித்துவிட்டார்கள். அப்போது பெரிய சண்டை நடந்தது, பூட்டை இணையத்தின் இலக்கணத்தில் சேர்க்கலாமா என்று. எனக்கு அதில் இரண்டு மனசு.

பூட்டுக்காரர்கள் சந்தேகப் பிராணிகள். கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போகிற எச்.டி.எம்.ஐ. வயர் வழியில் யாராவது படத்தைத் திருடிவிடுவார்களோ என்று எச்.டி.சி.பி. என்றொரு கைகுலுக்கல் வைத்திருக்கிறார்கள். இரண்டு முனையும் நடுவில் இருக்கிற பெட்டியும் சரியாகக் கை குலுக்கினால்தான் படத்தைக் கொடுக்கும் சில தளங்கள். அந்த மாப்பிள்ளை ஒரு வயரை இரண்டு டிவிக்குப் பிரிக்க மலிவான ஸ்பிளிட்டர் ஒன்றை நடுவில் போட்டிருந்தார். அதைக் கழற்றி வயரை நேராகச் செருகச் சொன்னேன். படம் வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். தூரத்திலிருந்து அவர் திரையைப் பார்க்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது. “ஆமாம் தம்பி, கறுப்பாத்தான் இருக்கு” என்றேன். “இல்லண்ணே, இப்ப லேப்டாப்லயே ஓட விட்டிருக்கேன், எனக்கு நல்லாத் தெரியுதே” என்றார். பூட்டிய படத்தை யாராவது திரைப்பிடிப்பு எடுத்தாலோ தூரத்திலிருந்து பார்த்தாலோ அவர்களுக்குக் கறுப்பைக் காட்டும் ஏற்பாடு அது. அரை மணி நேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டு வைத்தியம் சொல்லியிருக்கிறேன்.

எழுத்து வருகிற கோளாறுதான் எனக்குப் பிடித்தது. ஏதோ ஒன்றைச் சொல்ல முயல்கிறதே, அதுவரைக்கும் நல்லது. ஆனால் அது சொல்கிற அழகு இருக்கிறதே! இணையத்தில் பல தளங்கள் பயன்படுத்துகிற பிளேயர் ஒன்று காட்டுகிற எழுத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சர்வரோ நெட்வொர்க்கோ தவறியிருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த ஃபார்மட் ஒத்துவரவில்லை. கிளி ஜோசியம் இதைவிடத் தெளிவாக இருக்கும். பிரவுசருக்கே உள்ளுக்குள் நாலு எண்கள்தான் தெரியும். 1 என்றால் பார்ப்பவரே நிறுத்திவிட்டார், 2 என்றால் வழியில் அறுந்தது, 3 என்றால் மூட்டையை அவிழ்க்க முடியவில்லை, 4 என்றால் கொடுத்த சரக்கே எனக்கு ஆகாது. உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறையும் இந்த நாலு கட்டத்துக்குள் போட்டுவிட்டு அது கையைத் துடைத்துக்கொள்கிறது. இதில் 4 என்பது ரொம்பப் பொல்லாதது. எதற்கெடுத்தாலும் வரும்.

அந்த 4-ஐ நான் சம்பாதித்த விதம். கொரோனா சமயம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் அண்ணன் மென்பொருள் வேலை, தங்கச்சி கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு அழகான பக்கம் செய்திருந்தார். யூடியூப் வேண்டாம், எங்கள் பக்கத்திலேயே படம் வர வேண்டும் என்றார். சரி என்று ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து நானே ஏற்பாடு செய்தேன். நேரலை என்பது ஒரே நீளப் படமாகப் போவதில்லை. கரும்பைக் கணுக்கணுவாக வெட்டுகிற மாதிரி ஆறு ஆறு நொடித் துண்டாக வெட்டி, எந்தத் துண்டுக்கு அப்புறம் எது என்று ஒரு பட்டியல் போட்டு வைப்பார்கள். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த முறை. பிரவுசர் பட்டியலை வாங்கிப் படித்து, துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி ஒட்டிக் காட்டும். முதல் நாள் ராத்திரி என் லேப்டாப்பில் சோதித்தேன், அருமையாக வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ஒன்பது பேர் இல்லை, முப்பது பேர் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் எழுத்து. எல்லாருக்கும் 4. விளக்கை உதவிப் பையனிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் போய், காய்கறி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து எஃப் 12-ஐ அழுத்தினேன். பிரவுசரின் உள்கட்டு திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்கிற பகுதியில் பிரவுசர் யார் யாரிடம் என்ன கேட்டது, என்ன பதில் வந்தது என்று வரிவரியாக இருக்கும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 403 என்றால் உனக்குக் கொடுக்க முடியாது. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. எனக்கு எந்த எண்ணும் வரவில்லை, பட்டியலைக் கேட்ட வரி மட்டும் சிவப்பாக நின்றது. கேட்கவே இல்லை. கேட்க விடவில்லை.

பக்கத்தில் ‘கன்சோல்’ என்று ஒன்று, பிரவுசர் தன் புகாரையெல்லாம் எழுதி வைக்கிற இடம். அதைத் திறந்த பிறகுதான் உறைத்தது. அண்ணன்காரர் செய்த பக்கம் எச்.டி.டி.பி.எஸ்., அதாவது பூட்டிய வழி. நான் கொடுத்த படத்தின் முகவரி வெறும் எச்.டி.டி.பி. பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பில்லாத சரக்கை ஏற்ற பிரவுசர் சம்மதிக்காது. ராத்திரி நான் சோதித்தது என் கம்ப்யூட்டரிலேயே இருந்த பூட்டில்லாத ஒரு சோதனைப் பக்கத்தில், அதனால் எனக்கு வந்தது. சமையல் மாஸ்டர் வந்து, “தம்பி, கத்திரிக்காய் எடுக்கணும்” என்று நிற்கிறார். பூட்டிய வழிக்கு வேண்டிய சான்றிதழைச் சர்வருக்குப் போட்டு முகவரியை மாற்ற 25 நிமிஷம் ஆனது. அதற்குள் தாலி ஏறிவிட்டது. பதிவு இருந்தது, அப்புறம் அனுப்பினேன். ஆனால் அந்தப் பெண்ணின் அம்மாச்சி ஊரில் லேப்டாப் முன்னால் புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாராம். பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தச் சோதனையும் என் கம்ப்யூட்டரில் செய்வதில்லை. பார்க்கப் போகிறவர் திறக்கப் போகிற அதே லிங்க்கை, பக்கத்து டீக்கடைப் பையன் போனிலும் எதிர்க்கடை கம்ப்யூட்டரிலும் திறந்து பார்க்கிறேன்.

மற்ற எழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தளம் மட்டும் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் தகராறு செய்தால் இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள், பயர்பாக்ஸில் அதற்குப் பெயர் பிரைவேட் விண்டோ. நாம் தனியாக அனுமதி கொடுக்காதவரை, பிரவுசரில் நாம் ஒட்டவைத்த எக்ஸ்டென்ஷன்கள் அதற்குள் வராது, தளங்கள் நம் கம்ப்யூட்டரில் விட்டுவைக்கிற குறிப்பான குக்கியும், பழையது வராது. அங்கே படம் வந்தால், விளம்பரத்தைத் தடுக்கப் போட்ட ஏதோ ஒன்று படத்தையும் சேர்த்துத் தடுக்கிறது, அல்லது அந்தத் தளத்தின் பழைய குக்கி கெட்டிருக்கிறது. அந்த ஒரு தளத்தின் தகவலை மட்டும் அழித்தால் போதும். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு கல்யாணம் பார்க்கப் போய் எல்லா இடத்திலும் லாகின் போய் உட்கார்ந்திருப்பார்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, 2023-இல். அதற்கு மேல் புதுப்பிக்காது. இந்த பிரவுசர் பழசு என்று ஏதாவது தளம் எழுத்துப் போட்டால், அதோடு வாதாடிப் பயனில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரவில்லை என்பவர்களிடம் நான் கேள்வியே கேட்பதில்லை. ஆபீஸில் வீடியோவைத் தடுத்திருப்பார்கள். போனில் பாருங்க சார், கழிப்பறைக்குப் போய்ப் பாருங்க.

கடைசியாக என் பெரியப்பா. சோழவந்தானில் இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த பழைய டெஸ்க்டாப். சொந்தத்தில் ஒரு கல்யாணம், காலையில் கூப்பிட்டார்.

“தம்பி, வரலைப்பா.”

“சுத்துதா, கறுப்பா இருக்கா, எழுத்து வருதா பெரியப்பா?”

“எழுத்து வருது. யுவர் கிளாக் ஈஸ் பிஹைண்ட்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், கரெக்டாத்தான் ஓடுது. உன் பெரியம்மா ரேடியோ வச்சும் பார்த்துட்டா.”

திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, “2013 ஜனவரி ஒண்ணு” என்றார், ஏதோ திருக்குறளை ஒப்பிப்பது போல.

ஒவ்வொரு தளமும் நான் இன்னார்தான் என்று ஒரு சான்றிதழ் காட்டும். அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். பெரியப்பாவின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அன்றைக்கு 2013, அதனால் இனிமேல் பிறக்கப் போகிற ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். அது கதவைத் திறக்காது. தேதியைக் கையால் சரிசெய்யச் சொன்னேன், கல்யாணம் பார்த்தார். மறுநாள் காலை திரும்பவும் 2013. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032. அது செத்துவிட்டது. சுவிட்சில் மின்சாரம் இருக்கும்வரை சமாளித்துக்கொள்ளும். ஆனால் பெரியப்பா ராத்திரி எட்டரைக்கு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் படுக்கிறவர். மின்னல் பயம், கரண்ட் பில் பயம், இரண்டும். நெட்டில் நேரம் கேட்டுத் தானே சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். கொஞ்ச நேர வித்தியாசம் என்றால் செய்யும். வருடக்கணக்கில் விலகியிருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் அந்தப் பதிலை நம்பாமல் விட்டுவிடும்.

வாட்ச் கடையில் 30 ரூபாய்க்கு பேட்டரி வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாற்ற இரண்டு நிமிஷம். பெரியம்மா போட்ட சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பழைய பேட்டரியைப் பெரியப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்தத் துண்டா என்னைப் பன்னிரண்டு வருஷம் பின்னால இழுத்துட்டுப் போச்சு” என்றார். வயசு குறைந்திருந்தால் பரவாயில்லை என்று பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

போன முகூர்த்தத்துக்கு அவரிடமிருந்து மறுபடி போன். நான் திருப்பரங்குன்றத்தில், மணவறைக்கு முன்னால். வாயைத் திறப்பதற்குள் அவரே ஒப்பித்தார்.

“தம்பி, சுத்தலை. கறுப்பா இல்லை. எழுத்தும் இல்லை. படம் கண்ணாடி மாதிரி இருக்கு, சத்தமும் கேக்குது. தேதியும் பார்த்துட்டேன், சரியா இருக்கு.”

“அப்புறம் என்ன பெரியப்பா?”

“பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி, ஒருத்தரையும் எனக்கு அடையாளம் தெரியலையே?”

அன்றைக்கு எனக்கு இரண்டு கல்யாணம். தம்பிப் பையன் ஒன்றை எடுக்கிறான், நான் ஒன்றை. லிங்க்கை நான்தான் மாற்றி அனுப்பியிருந்தேன். சரியான லிங்க்கை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். “இருப்பா, இங்க தாலி கட்டப் போறாங்க, இதைப் பார்த்துட்டு வர்றேன்” என்று வைத்துவிட்டார்.